ஒற்றை விசில்

ஜனவரி 1, புதன்

சங்கத்தில் கொடுத்த டைரி. வருடா வருடம் கொடுக்கிறார்கள். வாங்கி வந்து மனைவி பஞ்சவர்ணத்திடம் கொடுத்துவிடுவேன், அவள் புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பார்ப்பாள். இந்த வருடம் நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். ஜூலை முப்பத்தொன்றோடு எனக்கு ஓய்வு. இருபத்தொன்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவன் கடைசி ஏழு மாதத்தையாவது எழுதி வைக்கலாமே.

"எழுத என்ன இருக்கு? போனீக, வந்தீக," என்றாள்.

அதைத்தான் எழுதப் போகிறேன். பதினேழாம் நம்பர் டவுன் பஸ். டவுன் ஸ்டாண்டிலிருந்து கீழநெடுங்கண்மாய் வரை பதினெட்டு கிலோமீட்டர். நாளைக்கு எட்டு நடை. போனேன், வந்தேன். முதுகு வலிக்கிறது.

ஜனவரி 6, திங்கள்

புது வண்டி கொடுத்திருக்கிறார்கள். புதிது என்றால் வேறு டிப்போவில் ஓடிக் களைத்து எங்களிடம் வந்தது. ஆனால் நல்ல வண்டி. பானெட் என் இடது தொடையை உரசிக்கொண்டு நிற்கிறது, சூடு இருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. அந்தக் காலத்து வண்டிகள் கத்திய கத்தலுக்கு இது பஞ்சு மாதிரி ஓடுகிறது. இதைச் சொன்னால் மெக்கானிக் என்னை ஒரு மாதிரி பார்க்கிறான். முன் சீட்டில் உட்கார்ந்த வாத்தியார் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு வருகிறார். சனங்களுக்கு எதைக் கொடுத்தாலும் குறைதான்.

ஜனவரி 9, வியாழன்

என் கண்டக்டர் சகாயராணியைப் பற்றி இன்னும் எழுதவில்லை. புருஷனும் எங்கள் கண்டக்டர்தான், மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அந்த வேலையை இவளுக்குக் கொடுத்தார்கள். மூன்று வருடம் ஆகிறது, அதில் ஒன்றரை வருடம் என்னோடு. ஆறாவது படிக்கிற மகள் ஒருத்தி. பேச்சு அளவு, சில்லறைத் தகராறு கிடையாது, குடிகாரன் ஏறினால் பார்வையிலேயே உட்கார வைப்பாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, என் முகத்துக்கு நேரே குனிந்து சொல்வாள். மரியாதை தெரிந்த பெண்.

ஒரே ஒரு கெட்ட பழக்கம். கை சும்மா இருக்காது. எப்போது பார்த்தாலும் கம்பியைத் தட்டுவாள். விசில் ஊதினாலும் தட்டு, ஊதாவிட்டாலும் தட்டு. என் சீட்டு வரை அதிர்கிறது. "ஏத்தா, கம்பி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று ஒருநாள் கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். வண்டி முழுக்கக் கரும்பு. டிரைவருக்கு ஏது பொங்கல்.

ஜனவரி 19, ஞாயிறு

வார ஓய்வு. பஞ்சவர்ணம் சர்ச் தெருவில் ஒரு வளைகாப்புக்குப் போகும்போது, "குக்கர்ல பருப்பு வச்சிருக்கேன், மூணு விசில் வந்ததும் அணைச்சுருங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுப்படிக்கு வெளியிலேயே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு விசில்கூட வரவில்லை. தீய்ந்த வாடைதான் வந்தது.

திரும்பி வந்தவள் குக்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் திட்டாமல் இருந்தால்தான் எனக்குக் கோபம் வரும். வாஷர் போயிருக்கும் என்றேன். சாயங்காலம் பாத்திரக் கடைக்குப் போய்ப் புது வாஷர் வாங்கி வந்து மாட்டினேன்.

ஜனவரி 26, ஞாயிறு

டிப்போவில் கொடியேற்றம். விபத்தில்லா ஓட்டுநர் என்று இந்த வருடமும் எனக்குச் சான்றிதழ். மேனேஜர் அறைச் சுவரில் பச்சைப் பலகை ஒன்று இருக்கிறது, இருபது வருடத்துக்கு மேல் விபத்தில்லாமல் ஓட்டியவர்கள் பெயரை அதில் வெள்ளை எழுத்தில் எழுதி வைப்பார்கள். நான்கு பெயர். மூன்று பேர் ஓய்வில் போய்விட்டார்கள். நான்காவது பி. அடைக்கலம். அது நான்.

ஒரு சின்னக் குழப்பம். பெயரை மைக்கில் கூப்பிட்டிருக்கிறார்கள், நான் போகவில்லை. சகாயராணி முழங்கையால் இடித்துத்தான் எழுந்தேன். மைக் செட்டுக்காரன் வயரைச் சரியாகச் சொருகவில்லை போல. மிட்டாய் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 5, புதன்

வருடாந்திர மருத்துவப் பரிசோதனை. நாற்பது பேரை வரிசையில் நிற்க வைத்து ஒன்றரை மணி நேரத்தில் முடித்தார்கள். கண்ணுக்கு எழுத்து அட்டை. எல்லா வரியும் படித்தேன். டாக்டர் என்னைப் பார்த்து, "காது கேக்குதா?" என்றார். "கேக்குது சார்," என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேனே, அப்புறம் என்ன பரிசோதனை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசக் கூட்டம். பஞ்சவர்ணத்தோடு சண்டை. மூன்று தடவை கூப்பிட்டாளாம். வாய்க்குள்ளேயே முனகினால் யாருக்குக் கேட்கும். முன்பெல்லாம் இவள் கூப்பிட்டால் தெருமுனைக் கடைக்காரன் திரும்பிப் பார்ப்பான். வயதானால் குரலும் போய்விடுகிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை மூன்றாவது நடை. ஒத்தவீடு விலக்கில் நிறுத்தினேன். மூட்டைக்காரன் ஒருவன் முன் வாசல் வழியாக இரண்டு வெங்காய மூட்டையைத் தூக்கி உள்ளே போட்டு, பின்னாலேயே ஏறினான். பின் வாசலில் இறங்குகிறவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன், மூட்டைக்காரனின் துண்டு பாதியை மறைத்தது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் எடு. இது எங்கள் வேலையில் முதல் நாள் பாடம். இரண்டு விசில் கேட்டது. எடுத்தேன்.

பூக்காரி தெய்வானை கீழே விழுந்துவிட்டாள். படியில் ஒரு கால், தரையில் ஒரு கால். பின் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்திருக்கிறாள். ஒரு சாண். சனங்கள் வண்டித் தகரத்தை அடித்த அடியில்தான் எனக்கே தெரிந்து நிறுத்தினேன். ரோடு முழுக்க மல்லிகை. இடது மணிக்கட்டு எலும்பு முறிவு, இடுப்பில் அடி. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

சகாயராணி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மடியில் பூக்கூடை, வாயில் விசில். அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

டிப்போவில் வாக்குமூலம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன்: நடத்துநர் இரண்டு விசில் கொடுத்த பிறகே நான் வண்டியை நகர்த்தினேன். கீழே கையெழுத்து. நடந்தது அதுதான்.

பிப்ரவரி 19, புதன்

சகாயராணியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். பயணி இறங்கி முடிக்கும் முன் அவசரப்பட்டு விசில் கொடுத்தாளாம். ஒற்றை விசில்தான் ஊதினேன் என்று அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, வேலை போய்விடுமே என்ற பயம் யாரையும் அப்படி எழுத வைக்கும்.

எனக்கு ஒன்றுமில்லை. "ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வாங்கண்ணே," என்றார் மேனேஜர். பலகையில் என் பெயர் அப்படியேதான் இருக்கிறது. வெளியே வரும்போது பார்த்துக்கொண்டேன். பார்த்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

பிப்ரவரி 24, திங்கள்

மறுபடி டியூட்டி. புதுக் கண்டக்டர் திருமேனி. முப்பது வயது இருக்கும், பெரிய மீசை. விசிலை வாயிலிருந்து எடுக்கவே மாட்டான் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.

முதல் நடையில் தண்ணீர்ப் பந்தல் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். இரண்டாவது நடையில் அய்யனார் கோவில். மூன்றாவது நடையில், கணக்கன்வயலில் நிறுத்திவிட்டு விசிலுக்குக் காத்துக்கொண்டே இருந்தேன், பின்னாலிருந்து ஒரு கிழவர் வந்து தோளைத் தொட்டு, "ஏப்பா, வண்டி கெட்டுப்போச்சா?" என்றார்.

திருமேனி முன்னால் வந்து, "எத்தன தடவண்ணே ஊதுறது, மூச்சு வாங்குது," என்றான். அவன் விசில் சரியில்லை. இப்போதெல்லாம் பிளாஸ்டிக் விசில்தான் வருகிறது.

பிப்ரவரி 26, புதன்

நான்கு ஸ்டாப் விட்டுப்போனது. ஸ்டாண்டில் டைம் கீப்பர் எல்லார் முன்னாலும் கேட்டார், "என்ன அடைக்கலம், தூங்கிட்டே ஓட்டுறீகளா?" இருபத்தொன்பது வருடத்தில் இப்படி ஒருவன் என்னைக் கேட்டதில்லை.

சகாயராணி இருந்தபோது ஒரு ஸ்டாப் விட்டதில்லை. அவளும் இதே பிளாஸ்டிக் விசில்தானே வைத்திருந்தாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

மத்தியானம் நடைக்கு முன்னால் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிற விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். திருமேனிக்கு நானே ஒரு இரும்பு விசில் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று. போலீஸ்காரர்கள் ஊதுகிற ரகமாகக் கொடு என்றேன். கடைக்காரன் எடுத்துத் துடைத்து வாயில் வைத்து ஊதிக் காட்டினான்.

கன்னம் இரண்டும் உப்பின. கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்தில் பந்து வாங்க வந்திருந்த பெண் குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அம்மாவின் சேலைக்குள் போய் ஒளிந்தது. ரோட்டில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

விசில் வாங்கவில்லை.

மார்ச் 1, சனி

காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்தேன். காய்ச்சல் இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

பஞ்சவர்ணம் பருப்பு வேக வைத்தாள். நான் அடுப்படிக்குள்ளேயே போய்க் குக்கருக்கு முன்னால் நின்றேன். வெயிட் தூக்கிக்கொண்டு ஆவி பாய்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. கண்ணால் எண்ணினேன். அவள் கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பருந்து ஒனக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"மூணு வருசமா," என்றாள். மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள். "சொன்னா அடிக்க வருவீக."

அடிக்க மாட்டேன். ஆனால் கத்தியிருப்பேன். அது உண்மை.

மார்ச் 4, செவ்வாய்

தெய்வானையைப் பார்க்கப் போனேன், பயணியாக, பதினேழாம் நம்பரிலேயே. வீட்டில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் உதிரிப் பூ. ஒற்றைக் கையால் பூக் கட்ட முடியாது. நாரை வாயில் கடித்து இழுத்துப் பார்த்திருக்கிறாள், உதட்டை அறுத்ததுதான் மிச்சம் என்றாள். வாங்கிப் போன ஆரஞ்சை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், உள்ளே குரல் கொடுத்துக் காபி போடச் சொன்னாள். பூக்காரிக்குச் சந்தைக் குரல். அவள் பேசியதில் முக்கால்வாசி எனக்கு விளங்கியது.

"அந்தப் புள்ள மேல தப்பே இல்லண்ணே. எனக்குத்தான் கூடைய இறக்கிக் குடுக்க வந்துச்சு. ரெண்டு கையிலயும் கூடை. எங்காலு படியில இருக்கு, வண்டி அசையுது. ஒத்த விசில், நீளமா, நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஊதுச்சு பாருங்க. எங்காதுல இன்னும் கேக்குது. நீங்க நிறுத்தல."

"அதுக்கு முன்னாடி ரெண்டு விசில் குடுத்துச்சா?"

"எங்கிட்டு? அதுக்கு முன்னாடி ஒண்ணுமே குடுக்கல. மூட்டைக்காரன் மூட்டையப் போட்டான், தொம்முனு ஒண்ணு, தொம்முனு ஒண்ணு. ஒடனே வண்டி எடுத்துருச்சு."

கையிலிருந்த ஆரஞ்சை உதிரிப் பூவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மார்ச் 5, புதன்

எழுதிவிடுகிறேன், எழுதினால்தான் நிற்கும்.

நான் ஒன்றரை வருடமாக விசில் கேட்டு வண்டி ஓட்டவில்லை. கம்பியில் அவள் தட்டுகிற தட்டு சீட்டு வழியாக என் முதுகில் ஏறும். ஒரு தட்டு, நிறுத்துவேன். இரண்டு தட்டு, எடுப்பேன். மண்டைக்குள் அது விசிலாகக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. இரண்டு கையிலும் பூக்கூடை இருந்த அன்று அவளால் தட்ட முடியவில்லை. தட்டியது இரண்டு வெங்காய மூட்டை.

அதை விசில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மார்ச் 8, சனி

மேனேஜர் ஆள் அனுப்பியிருந்தார், டிப்போவுக்குப் போனேன். இருபத்தொன்றாம் தேதி விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார். "ஒங்க வாக்குமூலந்தாண்ணே கேஸே. எழுதுனதயே சொல்லுங்க, போதும். அந்தம்மாவ டிஸ்மிஸ் பண்ணிருவாங்க, அதோட முடிஞ்சுரும்," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். கெட்ட மனுஷன் இல்லை.

ஜூலை முப்பத்தொன்றுக்கு இன்னும் நூற்று நாற்பத்தைந்து நாள். மெடிக்கல் லீவு போட்டே ஓட்டிவிடலாம். மாலை போட்டு, சால்வை போர்த்தி, டிப்போ வண்டியிலேயே வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். பலகையில் பெயர் நிற்கும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. இதையெல்லாம் நான் நினைக்கவில்லை என்று எழுதினால் பொய்.

மார்ச் 9, ஞாயிறு

சகாயராணி வீட்டுக்குப் போனேன். சர்ச்சில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். மகள் ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் வருவேன் என்று சகாயராணி எதிர்பார்க்கவில்லை, வந்ததில் சந்தோஷமும் படவில்லை.

பழக்கம் போல என் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். மரியாதைக்காக இல்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நான் ஒத்த விசில்தாண்ணே ஊதுனேன்."

"தெரியும்த்தா."

"அது ஒங்களுக்குக் கேக்கலன்னும் எனக்குத் தெரியும். கேக்கலன்னு எழுதியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். ரெண்டு விசில் கேட்டுச்சுன்னு ஏண்ணே எழுதுனீக?"

கேட்டது என்றுதான் நினைத்தேன் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கே அசிங்கமாக இருந்தது.

"காது போச்சுன்னு ஏத்தா நீ முன்னாடியே டிப்போவுல சொல்லல?"

அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே காய்த்துக் கறுத்துப் போயிருந்தது. "இந்த ரூட்டுக்கு வந்த புதுசுல, பொம்பளக் கண்டக்டர் வேணாம்னு மூணு டிரைவரு எழுதிக் குடுத்தாக. நீங்க மட்டுந்தான் ஏறி உக்காரு, போவோம்னீக. அதான் தட்டுனேன். ரிட்டயர் ஆகுற வரைக்கும் தட்டிரலாம்னு நெனச்சேன். அது என் தப்புதாண்ணே. நான் அப்பவே சொல்லியிருந்தா தெய்வானக்கா கை ஒடஞ்சிருக்காது."

"நீ விசாரணையில இதச் சொல்லிரு."

"சொல்ல மாட்டேன்," என்றாள். "நானாச் சொன்னா, மாட்டிக்கிட்டதும் டிரைவரு மேல பழியப் போடுறான்னு சொல்லுவாக. எம் பேச்ச யாரு நம்புவா?" பிறகு, "ஒங்களச் சொல்லச் சொல்லியும் கேக்க மாட்டேன். அழுது கேட்டேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது," என்றாள். கோபத்தில் உதடு கோணியது. கோபப்பட அவளுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

மகள் உள்ளேயிருந்து ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. சகாயராணி திரும்பி, "யூனிபார்ம மடிச்சு வையி," என்றாள். யார் யூனிபார்ம் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

முதுகு வலி. தூக்கம் இல்லை. வேறு ஒன்றுமில்லை.

மார்ச் 20, வியாழன்

நாளை விசாரணை. காக்கிச் சட்டையைத் தேய்த்து மாட்டியிருக்கிறேன். சொல்லிவிடப் போகிறேன் என்று பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். "சொல்லுங்க," என்றாள். அவ்வளவுதான். அரை மணி நேரம் கழித்து வந்து, "பெஞ்சன் ஒண்ணும் போயிராதுல்ல?" என்றாள். தெரியாது என்றேன். "சரி, சொல்லுங்க," என்றாள் மறுபடியும்.

மார்ச் 21, வெள்ளி

மேனேஜர் அறையில்தான் விசாரணை. அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ஆள். நல்லவேளை, மீசை இல்லை, உதடு தெளிவாகத் தெரிந்தது. சகாயராணி ஓரமாக நின்றாள். அவள் விசில் சாட்சிப் பொருளாம், ஒரு கவரில் போட்டு மேசையில் வைத்திருந்தார்கள்.

அதிகாரி என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, "இது உங்க கையெழுத்துதானே?" என்றார்.

"கையெழுத்து என்னுதுதான் சார். எழுதியிருக்கிறது தப்பு. நான் விசில் கேக்கல. எனக்குக் காது கேக்காது."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். அதிகாரி சிரித்தார். "இப்ப நான் கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்றீங்களே?"

"வாயப் பாத்துச் சொல்றேன் சார்."

அவர் நம்பவில்லை. பேனாவை மூடி வைத்தார். "பாருங்க, ரிட்டயர் ஆகப்போற நேரத்துல அந்தப் பொண்ணுக்காகப் பரிதாபப்பட்டு இப்படிச் சொல்றீங்க. பிப்ரவரி மெடிக்கல்ல காது நல்லா இருக்குன்னு டாக்டரே எழுதியிருக்கார்." தாளை எடுத்துக் காட்டினார். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது.

"கவர்ல இருக்கிற விசில எடுத்து ஊதச் சொல்லுங்க சார். நான் திரும்பி நிக்கிறேன். எத்தன தடவ ஊதுறாங்கன்னு சொல்லிட்டா நான் பொய் சொல்றவன்."

என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது, நான் அதற்குள் சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். எதிரே பச்சைப் பலகை. நான்கு பெயர். முதல் பெயர் எனக்கு வண்டி பழக்கியவர். இரண்டாவது ஆள் செத்துப்போனார். மூன்றாவது ஆள் மகனோடு வெளியூரில் இருக்கிறார். என் பெயரில் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கிறான் பெயிண்டர். இதையெல்லாம் இவ்வளவு பக்கத்தில் நின்று நான் பார்த்ததில்லை. இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவையும் படித்தேன். கவரைப் பிரிக்க இவ்வளவு நேரமா என்று தோன்றியது. அதிகாரி ஒருவேளை வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

"ஊதச் சொல்லுங்க சார்," என்றேன் பலகையைப் பார்த்து.

யாரும் என் தோளைத் தொடவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. திரும்பினேன்.

சகாயராணி விசிலை வாயில் வைத்தபடியே அழுதுகொண்டிருந்தாள். மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் டீ கொண்டுவந்த பையனும், அவனுக்குப் பின்னால் ஷெட்டிலிருந்து ஓடிவந்த மெக்கானிக்குகள் நாலைந்து பேரும், என்ன ஆச்சோ என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரி காதிலிருந்து விரலை எடுத்தார்.

"ஊதியாச்சா சார்?" என்றேன்.

அவர் ஒரு கையை விரித்துக் காட்டினார். ஐந்து.

மார்ச் 22, சனி

நாள் முழுக்கத் தூங்கினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

அரசு ஆஸ்பத்திரியில் காது டாக்டர் பார்த்தார். இடது காது முழுக்கப் போய்விட்டது, பானெட் இருந்த பக்கம். வலது காதில் மிஷின் வைத்தால் கொஞ்சம் கேட்குமாம். "இத்தன வருஷமா எப்படி ஓட்டுனீங்க?" என்று பேப்பரில் எழுதிக் கேட்டார். நானும் பேப்பரிலேயே பதில் எழுதினேன். கண்டக்டர் தட்டினார் என்று. அவருக்கு விளங்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

சகாயராணியைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். டிரைவரின் குறையைத் தெரிந்தும் சொல்லவில்லை என்று எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்களாம். எனக்குப் பொய் வாக்குமூலத்துக்கு மெமோ. ஜூலை வரை டிப்போ கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிற வேலை. ஒவ்வொரு டிரைவரும் கேட்டைத் தாண்டும்போது ஏதோ சொல்லிவிட்டுப் போகிறான். நல்லதா கெட்டதா தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுகிறேன்.

பச்சைப் பலகையில் என் பெயர் மேல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஒரு கோட்டிங்தான். வெளிச்சம் சாய்வாக விழுந்தால் படிக்க முடிகிறது. தெய்வானைக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள் என்று திருமேனி எழுதிக் காட்டினான். விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லையாம். அதற்கு யார் மெமோ கொடுப்பது.

ஏப்ரல் 17, வியாழன்

டியூட்டி முடிந்து வீட்டுக்குப் பதினேழாம் நம்பரில் ஏறினேன். டிரைவர் வேறு ஆள், நாற்பது வயது, நல்ல காது. பின் வாசலுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயணியாக நின்றால் கால்தான் வலிக்கிறது, அதை இவ்வளவு வருடம் நான் யோசித்ததில்லை. சகாயராணி பார்த்தாள், டிக்கெட் கேட்கவில்லை, எனக்குப் பாஸ் உண்டு. பேசவும் இல்லை. அவள் கன்னம் உப்பும், வண்டி நிற்கும். உப்பும், எடுக்கும். கை கம்பியைத் தொடவே இல்லை. தொட வேண்டிய அவசியம் இல்லை.

கூட்டத்தில் வெளியே எதுவும் தெரியவில்லை. எந்த ஊர் போகிறது என்று குனிந்து பார்க்க முயன்றேன், முடியவில்லை. அப்போது நான் பிடித்திருந்த கம்பியில் ஒரு தட்டு. உள்ளங்கையில் வந்து இறங்கியது. என் ஸ்டாப்.

கூட்டம் வழிவிட்டது. மெதுவாக இறங்கினேன். இரண்டு காலையும் தரையில் ஊன்றியதற்குப் பிறகும் வாசல் கைப்பிடியை விடாமல் கொஞ்சம் நின்றேன். அவள் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு தட்டு வந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.